ஸ்னோடிராப் முளைக்கலையா, முளைச்சும் பூக்கலையா? அறிகுறியை வச்சு காரணம் கண்டுபிடிக்கிற வழி

ஜனவரி பாதி தாண்டினா போதும், இங்க இங்கிலாந்துல ஸ்னோடிராப் (குளிர்காலத்துல கிழங்குல இருந்து முளைச்சு, வெள்ளையா தலைகீழா தொங்குற சின்னப் பூ) வகைகளைச் சேர்க்கிற நம்ம கூட்டத்துல இருந்து எனக்கு போட்டோ வர ஆரம்பிச்சிடும். வெறும் மண்ணு, நடுவுல ஒரு லேபிள், கீழ "அக்கா, இது போச்சா?"ன்னு ஒரு கேள்வி. ஒரு சின்ன வெங்காயம் அளவு கூட இல்லாத கிழங்குக்கு முப்பது நாப்பது பவுண்டு குடுத்து வாங்கி, ஒரு வருஷம் முழுக்க காத்திருந்து, வெறும் மண்ணைப் பார்க்கிறது எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இதை உக்காந்து முழுசா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. ஸ்னோடிராப்ல தப்பு நடக்கிற மாசம் வேற, அது கண்ணுக்குத் தெரியுற மாசம் வேற. ஜனவரியில நீங்க பார்க்கிற பிரச்சனை பெரும்பாலும் போன மே மாசத்துல இருந்து செப்டம்பருக்குள்ள, செடி மண்ணுக்குள்ள தூங்கிட்டு நாமளும் அதை மறந்துட்டு இருந்த நேரத்துல நடந்தது. அதனால எந்த அறிகுறியைப் பார்த்தாலும் மாசத்தை பின்னாடி எண்ணிப் பாருங்க, இன்னைக்கு என்ன மருந்து ஊத்தலாம்னு முதல்ல ஓடாதீங்க.

நான் இருக்கிறது கேம்பிரிட்ஜ் பக்கம், மழை கம்மியான ஊரு, சுண்ணாம்பு கலந்த மண்ணு. ஸ்காட்லாந்துலயோ வேல்ஸ்லயோ இருக்கிறவங்க தேதியை கொஞ்சம் தள்ளி வச்சுப் படிங்க.

ஒண்ணுமே முளைக்கல

தோண்டுறதுக்கு முன்னாடி அது எந்த இனம்னு பாருங்க. எல்வெசியைங்கிற இனத்துல சிலது நவம்பர், டிசம்பர்லயே பூத்துடும், சில நிவாலிஸ் (பரவலா பார்க்கிற சாதாரண ஸ்னோடிராப்) பிப்ரவரி கடைசி வரைக்கும் அசையாது. கிரீஸ்ல இருந்து வந்த ரெஜினே-ஓல்கே அக்டோபர்லயே பூக்கிற இனம், பூக்கும்போது இலை இருக்காது இல்ல சின்னதா இருக்கும், அதை ஜனவரியில தேடினா பூ எப்பவோ முடிஞ்சு போயிருக்கும். பக்கத்துல அதே இனம் எல்லாம் வந்து மூணு வாரம் ஆகியும் இது மட்டும் வரலைன்னாதான் கையை வைக்கணும்.

அப்பவும் கரண்டியை எடுத்து குத்தாதீங்க, ஒரு சாப்ஸ்டிக் இல்ல மழுங்கின பென்சிலால ஓரத்துல இருந்து மண்ணை மெதுவா விலக்கிட்டு வாங்க, ஏன்னா ஸ்னோடிராப் வேர் கிளை விடாது, அந்த சீசன்ல ஒரு வேர் உடைஞ்சா உடைஞ்சதுதான், அதுக்கு பதிலா இன்னொண்ணு வராது. கிழங்கு கண்ணுல பட்டதும் ரெண்டு விரலால லேசா அமுக்கிப் பாருங்க. அந்த ஒரு அமுக்குலயே பாதி பதில் கிடைச்சிடும்.

கெட்டியா இருக்கு, கீழ வெள்ளை வேர் ஓடியிருக்கு, மேல ஒரு முனை தெரியுதுன்னா, மூடி விட்டுடுங்க. லேட்டா வருது, அவ்ளோதான்.

கெட்டியா இருக்கு ஆனா வேரே இல்ல, தோல் சுருங்கி இருக்குன்னா காய்ஞ்சு போய் இருக்கு. வேர் விடுற வேலை கோடை கடைசியிலயும் இலையுதிர் காலத்துலயும் நடக்கிறது, அப்ப தொட்டி எலும்பா காய்ஞ்சிருந்தா கிழங்கு அப்படியே உறைஞ்ச மாதிரி நிக்கும். இதைக் காப்பாத்த ஒரு வாய்ப்பு உண்டு, ஈரமான மணல்ல புதைச்சு குளிர்ச்சியான இடத்துல வைங்க, அந்த வருஷம் பூ எதிர்பார்க்காதீங்க. கடையில செப்டம்பர்ல உலர்ந்த பாக்கெட்டா தொங்குற நிவாலிஸ் நிறைய முளைக்காம போறதுக்கும் இதே காரணம்தான். எல்வெசியை இந்த உலர்த்தலைக் கொஞ்சம் தாங்கும், நிவாலிஸ் தாங்காது.

மெத்துன்னு இருக்கு, அமுக்கினா உள்ள பொசுக்குன்னு போகுதுன்னா, அதைப் பத்தி தனியா சொல்லணும்.

கிழங்கு மெத்துன்னு, உள்ள காலியா இருக்கு

இது நார்சிசஸ் ஈ. விலை உயர்ந்த கிழங்கை இழந்தவங்கள்ல நிறைய பேரோட கதை இங்கதான் முடியுது, எனக்கும் முடிஞ்சிருக்கு. என்கிட்ட 'ட்ரிம்' இருந்துச்சு, வெளி இதழ் மூணும் உள் இதழ் மாதிரியே அகலமா விரிஞ்சு, ஒவ்வொண்ணுலயும் பச்சைக் குறி போட்டு, சின்ன கோபுரக் கூரை மாதிரி தொங்குற வகை. மூணு கிழங்கு. சுவத்து ஓரமா வெயில் நல்லா படுற இடத்துல ஆசையா வச்சிருந்தேன். அடுத்த வருஷம் புல்லு மாதிரி ரெண்டு மெல்லிசு இலை மட்டும் வந்துச்சு. தோண்டிப் பார்த்தா மேல தோல் அழகா முழுசா இருக்கு, அடித்தட்டுல (கிழங்குக்கு அடியில வேர் கிளம்புற கெட்டியான பாகம்) மட்டும் ஒரு ஓட்டை, கத்தியால பிளந்தா உள்ள பழுப்பு சேறு, அதுக்கு நடுவுல சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரே ஒரு தடிச்ச புழு. ஒரு கிழங்குக்கு ஒரு புழு போதும், உள்ள இருக்கிறது அத்தனையும் அது ஒண்ணே தின்னு தீர்த்துடும். அந்த மூணுல ரெண்டு அப்படிப் போச்சு.

பின்னாடி எண்ணிப் பாருங்க. அந்த ஈ பார்க்க சின்ன பம்பிள் தேனீ மாதிரி இருக்கும், மே கடைசியில இருந்து ஜூன் வரைக்கும் வெயில் சூடா அடிக்கிற நாள்ல தரையை ஒட்டி ஙொய்ங்னு பறக்கும். நம்ம இலை மஞ்சளாகி சாய்ஞ்சு, கழுத்துப் பகுதியில மண்ணுல ஒரு சின்னக் குழி விட்டுப் போகும்ல, அந்த இடத்துலதான் முட்டை வைக்கும். புழு மண்ணுக்குள்ள இறங்கி அடித்தட்டு வழியா உள்ள நுழைஞ்சிடும்.

அதனால செய்ய வேண்டியது மே மாசத்துல. இலை சாய ஆரம்பிச்ச உடனே ஓட்டையில மண்ணைத் தள்ளி விரலால அழுத்தி மூடுங்க, முக்கியமான தொட்டிகளுக்கு மேல பூச்சி வலை இல்லன்னா செடியை மூடுற மெல்லிசான ஃபிளீஸ் துணி போட்டு ஓரத்துல கல்லு வைங்க, ஜூலை முடியுற வரைக்கும் எடுக்காதீங்க. இந்த ஈக்கு வெயிலும் சூடும் வேணும், அதனால மரத்தடி நிழல்ல வச்ச செடிகளுக்கு சேதம் ரொம்பக் கம்மி. என் ட்ரிம் வெயில் சுவத்து ஓரமா இருந்ததுதான் அதுக்கு வினையாப் போச்சு, இப்ப மிச்சம் இருந்ததை ஹேசல் மரத்துக்கு கீழ மாத்திட்டேன்.

ஜூன்ல தொட்டியைக் கொட்டி ஒவ்வொரு கிழங்கையும் அமுக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தா புழுவை ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம். அப்ப புழுவை எடுத்துட்டு, அடித்தட்டுல நல்லா இருக்கிற பாகம் கொஞ்சம் மிஞ்சினாலும் தூக்கிப் போடாதீங்க, அதைச் செதில் செதிலா வெட்டி புது கிழங்கு எடுக்கலாம், கீழ சொல்றேன்.

முளை வந்துச்சு, ஆனா சாம்பல் பூத்த மாதிரி இருக்கு

மண்ணை விட்டு முனை வெளிய வரும்போதே வெல்வெட் மாதிரி சாம்பல் பூஞ்சை மூடியிருக்கும், இலை குட்டையா முறுக்கிக்கிட்டு நிக்கும், மொட்டு விரியாமலே அழுகும். இது போட்ரைட்டிஸ் கேலந்தினா, ஸ்னோடிராப்போட சொந்த வியாதி. குளிர் அதிகம் இல்லாம ஈரமாவே போற வருஷத்துல நிறைய வரும்.

இந்த ஒண்ணுல மட்டும் காத்திருக்காதீங்க, மத்தியானத்துக்குள்ள எடுத்துடுங்க. பாதிச்ச செடியை சுத்தி இருக்கிற மண்ணோட பெயர்த்து பையில கட்டி குப்பையில போடுங்க, கம்போஸ்ட் குவியல்ல போடவே கூடாது, ஏன்னா கிழங்கு மேல கறுப்பா கடுகு மாதிரி ஒட்டியிருக்கிறது அந்தப் பூஞ்சையோட விதை மாதிரி, அது மண்ணுல கிடந்து அடுத்த வருஷம் திரும்ப எழும்பும். அந்த இடத்துல சில வருஷம் ஸ்னோடிராப் வைக்காதீங்க. கொத்தா நெருக்கிக்கிட்டு வளர்ற இடத்துலதான் இது ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவும், அதனால ஒரே வகையை ரெண்டு மூணு இடமா பிரிச்சு வைக்கிறதுதான் நல்ல காப்பு. நான் எந்த வகை மூணு கிழங்கு ஆனாலும் ஒண்ணை ஒரு சிநேகிதி தோட்டத்துக்கு அனுப்பிடுவேன். என் தோட்டத்துல செத்தா அங்க இருந்து ஒண்ணு திரும்பி வரும், ரெண்டு தடவை வந்திருக்கு.

இலை நுனியில செம்பழுப்பா கருகல்

மே மாசத்துல நுனி மஞ்சளானா அது இயல்பா வாடுறது, அதை விட்டுடுங்க. பிப்ரவரி, மார்ச்லயே பச்சை இலையோட நுனி செம்பழுப்பா கருகி, அது கீழ நோக்கி இறங்கிக்கிட்டே இருந்தா ஸ்டாகனோஸ்போரான்னு ஒரு பூஞ்சை. இது டாஃபடில்லுக்கும் ஜன்னல்ல வளர்க்கிற ஹிப்பியாஸ்ட்ரத்துக்கும் கூட வரும், அங்க இருந்து இங்க தாவும். கருகின பாகத்தை நல்ல பச்சையில கொஞ்சம் சேர்த்தே வெட்டி எடுத்து அப்புறப்படுத்துங்க, கத்தரியை ஸ்பிரிட்ல துடைச்சிட்டு அடுத்த செடியைத் தொடுங்க, தண்ணி இலை மேல படாம ஊத்துங்க.

இலையில நீளவாக்குல வெளிர் மஞ்சள் கோடு

வைரஸா இருக்கலாம். பனி அடிச்சாலும் ஒரு வருஷம் இப்படிக் கோடு வரும்ங்கிறதால அந்தச் செடியை மட்டும் தனித் தொட்டிக்கு மாத்தி தூரமா வச்சு அடுத்த வருஷம் பாருங்க. மறுபடியும் அதே கோடு, இலை நெளிசலும் சேர்ந்து வந்தா மருந்து கிடையாது, அழிச்சிடுங்க. என்ன விலை குடுத்திருந்தாலும் சரி. அதை வெட்டிப் பெருக்கினா வைரஸையும் சேர்த்துதான் பெருக்குறோம், அப்புறம் அதை இன்னொருத்தருக்குக் குடுத்தா அவங்க தோட்டமும் போகும்.

காலையில பார்த்தா எல்லாம் தரையில விழுந்து கிடக்கு

கடும் உறைபனி ராத்திரிக்கு அப்புறம் இலை, தண்டு, பூ எல்லாம் வெந்த கீரை மாதிரி சுருண்டு கிடக்கும். தொடாதீங்க, வெந்நீர் ஊத்தாதீங்க. பனி விலகினதும் தானா எழுந்து நிக்கும். பூ விரியாம மூடியே தொங்கினாலும் பயம் வேண்டாம், காத்து 10 டிகிரி பக்கம் வந்தாதான் வெளி இதழ் தூக்கும், ஒரு பூவை வீட்டுக்குள்ள கொண்டுவந்து சின்ன கிளாஸ்ல வச்சா அஞ்சு பத்து நிமிஷத்துல விரியும். 'எஸ். ஆர்னாட்' வச்சிருக்கிறவங்க அப்படி வச்சு மோந்து பாருங்க, தேன் வாசம் வரும். சேர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்ற வகையும் அதுதான், வளர்றதுக்கு சிரமமே குடுக்காது.

இலை நிறைய, பூ இல்ல

கொத்தை விரலால விலக்கிப் பாருங்க, கிழங்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மண்ணுக்கு வெளிய பச்சை பிடிச்சு தெரியுதா? நெரிசல்தான். மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிக்கணும். மேலோட்டமா நட்டாலும் கிழங்கு பருக்காம குட்டி குட்டியா உடைஞ்சுக்கிட்டே போகும், அதனால 8ல இருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்துல வைங்க.

நெரிசல் இல்லைன்னா, போன வசந்தத்துல இலையை என்ன பண்ணீங்க? புல்வெளியில இருக்கிறதை ஏப்ரல்லயே மெஷின் ஓட்டி வெட்டினா அந்தக் கிழங்குக்கு அடுத்த வருஷப் பூவுக்கான சாப்பாடு இல்லாம போச்சு. இலை தானா மஞ்சளாகிற வரைக்கும் விடணும். முடிச்சு போட்டும் வைக்கக்கூடாது. தொட்டிச் செடிக்கு பூ முடிஞ்சதுல இருந்து இலை வாடுற வரைக்கும் தக்காளி உரத்தை பாதி அளவுல கலந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊத்துறேன், பொட்டாஷ் அதிகமா நைட்ரஜன் கம்மியா இருக்கிறதுதான் வேணும், நைட்ரஜன் ஜாஸ்தியானா இலை கொழுத்து வியாதி வரும்.

இப்பதான் வாங்கி நட்டது, முதல் வருஷம் பூக்கலைன்னா அது வேர் உடைஞ்ச கோபம். இலை பச்சையா இருக்கும்போதே பெயர்த்து நடுறதுதான் சரின்னு பரவலா சொல்றாங்க, உலர்ந்த பாக்கெட்டுக்கு அது எவ்வளவோ மேல்தான், ஆனா வேர் முழுசா ஓடிக்கிட்டிருக்கிற நேரத்துல பெயர்க்கிறோம்ங்கிறது மறக்கக்கூடாது. சொந்தத் தோட்டத்துக்குள்ள மாத்துறதுன்னா ஜூன்ல, இலை போனதும், எடுத்து அன்னைக்கே நட்டுடுறதுதான் என் அனுபவத்துல நல்லா வருது.

வாங்கின பேரு ஒண்ணு, பூத்தது ஒண்ணு

இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா காசு போறது இங்கதான். 2015ல 'கோல்டன் ஃப்ளீஸ்'ங்கிற மஞ்சள் வகையோட (வெள்ளைப் பூவுல பச்சைக் குறிக்குப் பதிலா மஞ்சள் குறி இருக்கிறது) ஒரே ஒரு கிழங்கு ஈபேயில 1,390 பவுண்டுக்கு போச்சு, 2022ல 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண்டுக்கு போச்சு. ரெண்டையும் உருவாக்கினவர் கேம்பிரிட்ஜ்ஷயர்ல நர்சரி வச்சிருக்கிற ஜோ ஷார்மன். இந்த விலை புழங்குற இடத்துல லேபிள் மாறினா என்ன ஆகும்னு யோசிங்க.

பூ வர்றதுக்கு முன்னாடியே இனத்தைச் சோதிக்கலாம். முளை மண்ணை விட்டு வர்ற இடத்துல குனிஞ்சு, ரெண்டு இலையும் எப்படிச் சேர்ந்திருக்குன்னு பாருங்க. கை கூப்பின மாதிரி தட்டையா ஒட்டியிருந்தா நிவாலிஸ். வெத்தலை சுருட்டின மாதிரி ஒரு இலை இன்னொண்ணைச் சுத்தி இருந்தா எல்வெசியை இல்ல வோரோனோவியை, அதுல இலை அகலமா சாம்பல் பச்சையா இருந்தா எல்வெசியை, மினுமினுன்னு பளிச் பச்சையா இருந்தா வோரோனோவியை. இலையோட ரெண்டு ஓரமும் பின்பக்கம் மடிஞ்சு, இஸ்திரி போட்ட புடவை மடிப்பு மாதிரி இருந்தா பிளிகேட்டஸ். 'வெண்டிஸ் கோல்ட்' ஒரு பிளிகேட்டஸ், இங்க பக்கத்துல வாண்டல்பரியில கண்டுபிடிச்சது. அந்தப் பேர்ல வந்த கிழங்கு தட்டையான ஒல்லி இலையோட வந்தா பூவுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, வித்தவங்களுக்கு உடனே போட்டோ எடுத்து அனுப்புங்க. கலப்பினங்கள்ல இந்த அடையாளம் குழம்பும், அதையும் கணக்குல வைங்க.

ஆனா எல்லாத்துக்கும் வித்தவங்க காரணம் இல்ல. 'லேடி எல்ஃபின்ஸ்டோன்' மஞ்சள் அடுக்குப் பூ, அதைப் பெயர்த்து நட்டா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ சாதாரண பச்சைக் குறியோடதான் பூக்கும், அப்புறம் மஞ்சளுக்குத் திரும்பும். பொறுமையா ஆட்டாம வைங்க. மத்த மஞ்சள் வகைகள் அடர் நிழல்ல இருந்தா நிறம் மங்கிடும், குளிர்கால வெளிச்சம் நல்லா படுற இடம் குடுங்க.

இன்னொரு காரணம் விதை. பேரு வச்ச வகை எல்லாம் ஒரே கிழங்குல இருந்து பிரிஞ்சு வந்த நகல்கள், அதோட விதையில இருந்து வர்றது அதே வகை கிடையாது. விதையில ஒட்டியிருக்கிற சதைக்காக எறும்பு அதை இழுத்துட்டுப் போய் பக்கத்துக் கொத்துல போட்டுடும், நாலஞ்சு வருஷம் கழிச்சு உங்க கொத்துக்குள்ள வேற மூஞ்சி ஒண்ணு எட்டிப் பார்க்கும். அதனால அரிய வகைகள்ல பூ முடிஞ்சதும் காயைக் கிள்ளிடுங்க. ஓரமா தனியா வர்ற வேற மூஞ்சியை மட்டும் பிடுங்கிப் போட்டுடாதீங்க, புது வகைகள்ல பலது அப்படி வந்ததுதான்.

வெட்டிப் போட்ட செதில் அழுகிப் போச்சு

ட்வின் ஸ்கேலிங், அதாவது ஒரு கிழங்கை வெங்காயத் தோல் மாதிரி செதில் செதிலா வெட்டி நிறைய கிழங்கு எடுக்கிற முறை, அதைப் பண்ணும்போது வர்ற பிரச்சனை. முறை இதுதான்: ஜூன்ல கெட்டியான கிழங்கை எடுத்து, பழுப்புத் தோலை உரிச்சு, வேரை வழிச்சு, ஸ்பிரிட்ல துடைச்ச சர்ஜிக்கல் பிளேடால மேலிருந்து கீழா எட்டாவோ பதினாறாவோ கீறி, ஒவ்வொரு துண்டையும் ரெண்டு ரெண்டு செதிலா பிரிக்கிறது. ஒவ்வொரு ஜோடியோட அடியிலயும் அடித்தட்டுத் துணுக்கு ஒட்டியிருக்கணும், அது இல்லாத செதில்ல எதுவும் வராது. ஈரமான வெர்மிகுலைட்டோட (ஈரம் பிடிச்சு வைக்கிற லேசான தாதுத் துகள்) பிளாஸ்டிக் பையில போட்டு இருட்டுல, 20 டிகிரி பக்கம், பன்னண்டு வாரம். செதிலுக்கு நடுவுல அரிசி மாதிரி வெள்ளையா குட்டிக் கிழங்கு உருண்டு வரும்.

அழுகினா முக்கால்வாசி தப்பு தண்ணியில. வெர்மிகுலைட்டை கையில இறுக்கிப் பிழிஞ்சா ஒரு சொட்டு கூட விழக்கூடாது, தொட்டா ஜில்லுன்னு இருக்கணும், அவ்ளோதான் ஈரம். பையில நிறைய காத்து விட்டுக் கட்டுங்க, வாரம் ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, பச்சைப் பூஞ்சை தெரிஞ்ச துண்டை மட்டும் வெளிய எடுங்க. எல்லாமே ஒரே வாரத்துல போச்சுன்னா கிழங்குலயே வியாதி இருந்திருக்கும். பூக்க இன்னும் மூணு நாலு வருஷம் ஆகும். ஒரே ஒரு கிழங்கு வச்சிருக்கீங்கன்னா வெட்டாதீங்க, ரெண்டாவது வர்ற வரைக்கும் பொறுங்க.

மொட்டைக் கடிச்சிருக்கு, கிழங்கு வெளிய கிடக்கு, இல்ல ஆளையே காணோம்

மொட்டுல ஓட்டை, இதழ்ல அரிப்புன்னா ஓடில்லாத நத்தை, ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் கையால பொறுக்குங்க. கிழங்கு வெளிய கிடந்தா அணில் தோண்டிப் பார்த்துட்டுப் போயிருக்கும், ஸ்னோடிராப்ல விஷச் சத்து இருக்கிறதால பெரும்பாலும் தின்னாது, அன்னைக்கே திரும்ப நட்டுடுங்க. நான் குளத்துச் செடிக்கு விக்கிற வலைத் தொட்டியில வச்சு தொட்டியோட மண்ணுல புதைக்கிறேன், வேர் வெளிய போகும், கிழங்கு எங்கயும் போகாது.

தொட்டி, குழி எல்லாம் சுத்தமா காலி, பக்கத்துல மண்ணு நேர்த்தியா வெட்டியிருக்குன்னா அது மனுஷன். இங்க தோட்டங்கள்ல அரிய ஸ்னோடிராப் திருட்டு நிஜமாவே நடக்குது. வெளியில தெரியுற இடத்துல வகைப் பேரை லேபிள்ல எழுதாதீங்க, நம்பர் மட்டும் எழுதி பேரை வீட்டுக்குள்ள நோட்டுல வைங்க. அந்த நோட்டுலயே எந்த மரத்துல இருந்து எத்தனை அடின்னு ஒரு படமும் வரைஞ்சுக்கோங்க, ஏன்னா லேபிளை காக்கா பிடுங்கிப் போட்டா ஜூலையில எது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அந்தப் படம்தான் இருக்கும்.